மெழுகு ஏறிய வீடு

மாலை மயங்கும் வேளையிலும் மனம் மயங்காமல் இம்மன்றத்தை நிறைத்திருக்கும் மாண்புடையோரே. நான் நேரத்தை மீறிவிடுவேனோ என்று இப்போதே கைக்கடிகாரத்தை நெருடிக்கொண்டிருக்கும் அவைத்தலைவர் பெருந்தகையே. என்னை அழைக்கலாம் என்று முதலில் சொல்லிவிட்டு, இப்போது எதற்கும் இருக்கட்டும் என்று தலையைத் தாழ்த்திக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே. மூட்டு வலியை மூட்டை கட்டி வீட்டில் வைத்துவிட்டு முன்வரிசையைப் பிடித்திருக்கும் மூத்தோரே. அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே. பேச்சு பிடிக்காவிட்டால் நழுவிவிடலாம் என்று கதவோரமாகவே நிற்கும் இளைஞர்களே. உங்கள் அனைவரின் செவிக்கும் சிந்தைக்கும் இந்த வேதியியல் ஆசிரியையின் வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, கொழுப்பு. அழைப்பிதழைப் பார்த்த என் மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "வேற யாருக்கும்மா இந்தத் தலைப்பக் குடுப்பாங்க? உனக்குத்தானே அது ஜாஸ்தி."

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். தலைவரும் சிரிக்கிறார், மகிழ்ச்சி. இப்போதே சிரித்து முடித்துவிடுவது நல்லது. நான் உங்களுக்கு இன்று பாடம் நடத்த வரவில்லை. பேய்க் கதை சொல்ல வந்திருக்கிறேன். பேய் என்றால் வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், அந்த வகையறா கிடையாது. பட்டப்பகலில், பத்துப் பேர் நடமாடும் வீட்டில், சோற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உயிரை எடுத்த ஒன்று. நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனவள். அதைக் கண்ணால் கண்டவள்.

என் புகுந்த வீட்டுத் தொழில் மெழுகுவத்தி செய்வது. முன்பக்கம் வீடு, பின்பக்கம் பட்டறை, நடுவில் ஒரு நீளமான நடை. பட்டறையில் இரண்டு அறை. ஒன்று வத்திகளைத் துடைத்து, அடுக்கி, அட்டைப்பெட்டியில் போடும் அறை. அங்கே வானொலி பாடும், வாய்ச்சண்டை நடக்கும், தேநீர் வரும். மற்றொன்று மெழுகை உருக்கி அச்சில் ஊற்றும் அறை. அங்கே பேச்சே இருக்காது. காற்றுப் பட்டால் ஒரு பக்கம் முன்னதாக இறுகி வத்தி வெடித்துவிடும் என்பதால் சன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். மின்விசிறி கிடையாது. பகலிலும் விளக்கு எரியும். கதவைத் திறந்ததும் ஒரு வெதுவெதுப்பு முகத்தில் வந்து ஒட்டும். கழுவினாலும் போகாது.

கல்யாணமான புதிதில் என் மாமியார் அந்த அறையை எனக்குக் காட்டினார். காட்டினார் என்றால் வாசலோடு சரி. "பொம்பளைங்க யாரும் இதுக்குள்ள போகக் கூடாதும்மா. நானும் போனதில்ல. என் பொண்ணையும் விட்டதில்ல." வாசலில் நின்றே எட்டிப் பார்த்தேன். எதிர்ச்சுவரில் வரிசையாகப் புகைப்படங்கள். எல்லாம் அந்தக் குடும்பத்து ஆண்கள். அந்த அறையில் மெழுகு ஊற்றியவர்கள். கொள்ளுத்தாத்தா, தாத்தா, என் மாமனாரின் அண்ணன், என் மாமனார். எத்தனை அழகான முகங்கள், எத்தனை கம்பீரமான மீசைகள். ஆனால் பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ ஒன்று இடறியது. என்ன என்று பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. அந்தச் சுவரில் ஒரு நரைத்த தலை இல்லை.

அது போகட்டும் என்று கண்ணை எடுக்கப் பார்த்தேன். கண் வரவில்லை. காரணம், அவர்களின் கண்கள். கருவிழியைச் சுற்றி ஒவ்வொரு படத்திலும் வெண்மையாக ஒரு வளையம். கண்ணுக்குள் யாரோ சுண்ணாம்பால் வட்டம் போட்டது மாதிரி. எல்லாப் படத்திலும் ஒரே வளையம். நான் விளையாட்டாகக் கேட்டேன்: "என்ன அத்த, ஸ்டுடியோக்காரர் எல்லார் கண்ணுலயும் ஒரே மாதிரி கோடு போட்டுட்டாரா?"

என் மாமியார் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. "அது கோடு இல்லம்மா. மெழுகு," என்றார்.

கவனியுங்கள். அந்த வீட்டில் ஒரு சொல் உண்டு. மெழுகு ஏறுதல். வேறெங்கும் நான் கேட்டதில்லை. அந்த அறையின் ஆவி ஆளுக்குள் போய், கண்ணில் வளையமாகப் படியும், கைவிரல் முட்டிகளில் மஞ்சளாக முடிச்சு முடிச்சாக இறுகும், குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்புக் கயிற்றில் தடிப்பாகத் திரளும் என்று அவர்கள் நம்பினார்கள். அது அவர்களுக்கு நோய் இல்லை, பெருமை. "அவருக்கு மெழுகு ஏறிடுச்சு" என்றால், கைதேர்ந்துவிட்டார் என்று பொருள். பட்டறையில் யார் ஊற்றுவது, யார் பெட்டி கட்டுவது என்பதை எப்படி முடிவு செய்வார்கள் தெரியுமா? பதின்பருவத்தைத் தாண்டிய மகன்களை உட்கார வைத்துக் குதிகாலைப் பிடித்துப் பார்ப்பார்கள். தடிப்பாக இருந்தால், "இவன் பிறக்கும்போதே மெழுகோட பிறந்தவன், இவன்தான் ஊத்தணும்." மெலிதாக இருந்தால், பெட்டி கட்டப் போ.

என் மாமனாரின் தம்பி ஒருவர் பெட்டி கட்டும் பக்கம் போனவர். எல்லாருக்கும் அவர் பேக்கிங் மாமா. பாவம், மெழுகு ஏறவில்லையே என்ற குறை அவருக்கு. வீணான மெழுகுத் துண்டுகளைச் சூடாக்கிக் குதிகாலில் தேய்த்துக்கொண்டிருப்பார். நான் பார்த்துவிட்டால், "வெடிப்புக்கும்மா, வெடிப்புக்கு" என்பார். தலையெல்லாம் பஞ்சு போல நரைத்து, பல்லெல்லாம் ஆடி, கோலூன்றி நடந்து, பெட்டி கட்டிக்கொண்டே இருந்தார். அவரைவிட அழகான, அவரைவிட வலுவான, மெழுகு ஏறிய அண்ணன்மார் ஒவ்வொருவராகச் சுவரில் படமானார்கள்.

எப்படிச் செத்தார்கள்? ஒருவர், அச்சைத் தூக்கிக்கொண்டே நெஞ்சைப் பிடித்தார். ஒருவர், ஊற்றி முடித்து முகம் துடைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. என் மாமனார், நண்பகலில், பாதி நிரம்பிய அச்சு கையில் இருக்க, "கொஞ்சம் மூச்சு வாங்குது, கதவத் தெற" என்று சொன்னதுதான் கடைசி. எல்லாரும் நாற்பதை ஒட்டிய வயது. எல்லாரும் அதே அறை. பெட்டி கட்டியவர்கள் கிழவர்கள் ஆனார்கள், ஊற்றியவர்கள் ஆகவே இல்லை. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? அந்த வீடும் அதைத்தான் நினைத்தது. மெழுகு கொடுக்கும், கொடுத்துவிட்டு ஆளைக் கேட்கும். என் மாமியார் தினமும் அந்த அறை வாசலைக் கடக்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். மந்திரம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பக்கத்தில் போய்க் கேட்டேன். திட்டிக்கொண்டிருந்தார். மெழுகைத்தான், அச்சில் ஏற்ற முடியாத வசை.

இதில் இன்னொன்று கேளுங்கள். என் மாமனாரின் இன்னொரு தம்பி, குதிகால் தடித்தவர், அண்ணன் செத்ததும் பயந்து பட்டறையை விட்டே ஓடினார். ஒரு மெழுகுவத்தியைக்கூட வீட்டில் வைக்கவில்லை. தொலைவில் ஓர் ஊரில் பேருந்து ஓட்டினார். நல்ல காற்று, திறந்த சன்னல், வெட்டவெளி. சில ஆண்டுகள் கழித்து ஒரு காலையில் பணிமனைக் குழாயில் முகம் கழுவக் குனிந்தவர், குனிந்தபடியே போனார். உடலைப் பார்க்கப் போன என் மாமியார் திரும்பி வந்து சொன்ன வார்த்தை இன்றும் என் முதுகில் ஊர்கிறது. "கண்ணுல வளையம் இருந்துச்சும்மா. மெழுகு அவரத் தேடிக்கிட்டே போயிருக்கு."

அந்த மூலையில் கைபேசி நோண்டிக்கொண்டிருந்த தம்பிகூட நிமிர்ந்துவிட்டார். நல்லது. இப்போது கொஞ்சம் வேதியியல். பயப்படாதீர்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

மெழுகுவத்தி உறுதியாக நிற்க, உருகிய மெழுகில் ஸ்டியரிக் அமிலம் என்று ஒன்றைக் கலப்பார்கள். அது கொழுப்பின் ஒரு துண்டு. கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் நீண்ட வால், அதன் நுனியில் ஒரு சின்னத் தலை. வால் நெடுக ஹைட்ரஜன், இனி ஒன்றுக்கும் இடமில்லை என்னும் அளவுக்கு. அதனால்தான் நிறைவுற்ற கொழுப்பமிலம் என்கிறோம். நிறைவுற்ற வால் நேராக நிற்கும். நேரான குச்சிகள் நெருங்கி அடுக்கும், அடுக்கினால் கட்டியாகும். அதே வாலில், அதே நீளத்தில், நடுவே இரண்டே இரண்டு ஹைட்ரஜனை எடுத்துவிடுங்கள். அங்கே இரட்டைப் பிணைப்பு விழும். வால் முழங்கால் மாதிரி மடங்கும். மடங்கிய குச்சிகள் அடுக்கில் நிற்குமா? நிற்காது. நழுவும், ஓடும். அதற்குப் பெயர் எண்ணெய். கட்டிக்கும் ஓட்டத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு வளைவு.

இன்னும் ஒரு விந்தை உண்டு. எண்ணெயைக் கெட்டியாக்க ஆலையில் ஹைட்ரஜன் ஏற்றும்போது, சில வால்கள் இரட்டைப் பிணைப்பை வைத்துக்கொண்டே நிமிர்ந்துவிடுகின்றன. மடங்க வேண்டிய முழங்கால், மடங்காமல் விறைத்து நடக்கிறது. டிரான்ஸ் கொழுப்பு என்பது அதுதான். பிஸ்கட்டுக்குள்ளும் மொறுமொறுப் பண்டத்துக்குள்ளும் ஒளிந்து வரும். உள்ளே போனால் கெட்டதை ஏற்றும், நல்லதை இறக்கும். இரண்டு பக்கமும் அடி.

அப்படியானால் கொழுப்பே கூடாதா என்று ஓர் அம்மா கேட்கிறார். அம்மா, கொழுப்பு இல்லாவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்க நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்கள் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் போர்த்தியிருக்கும் தோல், கொழுப்பால் ஆனது. தலை தண்ணீரை நாடும், வால் தண்ணீரைக் கண்டு ஓடும். ஓடிய வால்கள் உள்ளே ஒளிய, தலைகள் இருபுறமும் காவல் நிற்க, ஈரடுக்குச் சுவர் தானாக எழும்புகிறது. அந்தச் சுவரை ஒரு நொடி உருவிவிட்டால், நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். நாற்காலிக்குக் கீழே தேங்கியிருப்பீர்கள். தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் மூளையில் பாதிக்கு மேல் கொழுப்புத்தான். ஆகவே உனக்குக் கொழுப்பு என்று யாராவது சொன்னால், தலையில் மூளை இருப்பதாகப் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் இத்தனை ஆண்டுகளாக என் மாமியாரோடு காலம் தள்ளுகிறேன்.

கதைக்கு வருவோம். என் வீட்டுக்காரர் குதிகால் தடித்தவர். பதினாறு வயதிலேயே ஊற்றும் அறைக்குள் அனுப்பப்பட்டவர். கல்யாணமான மறுநாள் காலை, சன்னல் வெளிச்சத்தில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டபோது அவர் கண்ணைப் பார்த்தேன். வளையம் மெல்லியதாக அரும்பியிருந்தது. ஆண்டுக்கு ஆண்டு அது முழுமையானது. எனக்கு என் கணவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவதே நடுக்கமாகிவிட்டது. தாய்மார்களே, அந்தக் கொடுமை உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். கோபத்தில் முறைத்தாலும் வளையம், அன்பாகப் பார்த்தாலும் வளையம்.

அவருக்கு முப்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தபோது, மெழுகுப் பாளத்தைத் தூக்கிக்கொண்டு படியேறியவர் நடுவில் நின்றார். நெஞ்சை நீவினார். நான் ஓடிப் போய்ப் பாளத்தை வாங்கினேன்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கூப்பிடுது."

"யாரு?"

அவர் பட்டறைப் பக்கம் தலையை ஆட்டினார். முகத்தில் பயமில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "அப்பாவக் கூப்பிட்டுச்சு, பெரியப்பாவக் கூப்பிட்டுச்சு. இப்ப என்ன. சுவத்துல அந்த ஓரத்து ஆணி காலியாத்தானே இருக்கு," என்றார். அந்த அறை வாசலில் போய்ப் பார்த்தேன். உண்மைதான். பிற்பாடு அடித்தால் காரை பெயர்ந்து மெழுகில் விழும் என்று, அந்தச் சுவரைப் பூசிய காலத்திலேயே ஆணிகளை வரிசையாக அடித்து வைத்திருந்தார்கள். என் மாமனார் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெறும் ஆணி நின்றது.

என் கணவர் எனக்கு வேண்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை. இரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று கெஞ்சினேன். "ரத்தத்துல மெழுகு எவ்வளவு இருக்குன்னு பாக்கப் போறியா? அதான் கண்ணுலயே தெரியுதே," என்றார். மருத்துவரிடம் வாருங்கள் என்றேன். மாமியார் குறுக்கே வந்தார். "வேணாம்மா. பேரச் சொல்லிக் கூப்பிட்டா சீக்கிரம் வந்துரும்." தொழிலை விடுங்கள் என்று நான் சொல்ல முடியுமா? விட்டு ஓடியவரையும் அது விடவில்லையே. அந்த நம்பிக்கையில் நுழைய ஒரு சந்து இல்லை. ஊற்றினால் சாவு. ஓடினாலும் சாவு. அப்படிக் கட்டிவைத்த கூட்டுக்குள் என் கணவர் அமைதியாக உட்கார்ந்து, ஆவி பறக்கும் அச்சில் அளவு பிசகாமல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் வந்தாள். கல்யாணமாகி வேறு ஊரில் இருப்பவள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள். வந்ததும் வராததுமாகச் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு நடையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, எந்தச் செருப்பப் போட்டாலும் பின்னாடி கடிக்குது. நீங்க என்ன கம்பெனி வாங்குறீங்க?"

காலை நீட்டினாள். நான் குனிந்து பார்த்தேன். குனிந்தவள் நிமிரவில்லை. குதிகாலுக்கு மேலே இருபுறமும், கட்டைவிரல் பருமனுக்கு, தடிப்பு. தொட்டேன். என் கணவரின் காலில் தொட்ட அதே கடினம். அவள் கையை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். விரல் முட்டிகளில் மஞ்சள் முடிச்சு, இப்போதுதான் முளைவிட்ட மாதிரி. முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தேன்.

வளையம்.

பட்டறைக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காத பெண். ஊற்றும் அறையின் காற்றைக்கூட நுகராத பெண். பார்த்துப் பார்த்து, பொத்திப் பொத்தி, அந்த வாசலைத் தாண்டவிடாமல் ஒரு தாய் காப்பாற்றி வைத்த பெண். அவள் கண்ணுக்குள்ளிருந்து அந்தச் சுவரில் இருக்கும் ஆண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

என் மூளை, அந்தக் கொழுப்பு நிறைந்த மூளை, வேலை செய்யத் தொடங்கியது. ஏறியதாக நினைத்தது ஏறவே இல்லை என்றால்? பிறக்கும்போதே உள்ளே இருந்ததென்றால்? மெழுகு ஊற்றியதால் குதிகால் தடிக்கவில்லை. குதிகால் தடித்தவனைத் தேடிப் பிடித்து ஊற்ற வைத்தார்கள். சாகப் போகிறவனையே பொறுக்கியெடுத்து ஓர் அறைக்குள் அனுப்பிவிட்டு, அந்த அறை கொல்கிறது என்று தலைமுறை தலைமுறையாக அழுதிருக்கிறார்கள்.

என் கணவரைக் கூப்பிட்டேன். ஊற்றிக்கொண்டிருந்தவர் எரிச்சலோடு வந்தார். நான் ஒன்றும் விளக்கவில்லை. அவர் கையைப் பிடித்துத் தங்கையின் குதிகாலில் வைத்தேன். அவர் கை அங்கேயே நின்றது. மாமியாரும் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "செருப்பு கடிச்சதுடா, அவ்வளவுதான்," என்றார். சொன்ன குரலில் அவருக்கே நம்பிக்கையில்லை.

நாத்தனார் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அறிவாளி. யாரும் சொல்லாமலே விளங்கிக்கொண்டாள். அண்ணனைப் பார்த்து, மெல்லச் சொன்னாள்: "அண்ணா, நான் மெழுகத் தொட்டதே இல்லண்ணா."

பெட்டி கட்டும் அறையில் வானொலி மட்டும் யாருக்கோ பாடிக்கொண்டிருந்தது. என் கணவர் தங்கையின் காலை விடாமலே என்னிடம் கேட்டார்: "டாக்டரு எத்தன மணிக்கு வருவாங்க?"

அவையோரே, அடுத்து நடந்தது கதையில் வராத அளவுக்குச் சாதாரணம். இருவரும் பரிசோதனைக்கூடத்தில் கையை நீட்டினார்கள். இரத்தத்தைச் சுழற்றி, சிவப்பு அடியில் தங்க, மேலே நிற்கும் இரத்தநீரை எனக்குக் காட்டினார்கள். கலங்கலாக, பால் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுந்தால் அப்படித்தான் இருக்கும். இதுவோ தெள்ளத் தெளிவு. ஒரு பொட்டு மாசில்லை. பார்த்தால் நல்ல இரத்தம் என்று சத்தியம் செய்வீர்கள். அந்தத் தெளிவுக்குள்ளேதான் கொலஸ்ட்ரால், இருக்க வேண்டியதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல், சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

கொலஸ்ட்ரால் யார்? பகைவனா? நான்கு வளையங்கள் ஒட்டிப்பிறந்த ஒரு தட்டு, அதற்கு ஒரு சிறு வால், ஒரு சிறு தலை. நம் கல்லீரலே அதைச் செய்கிறது. செல்லின் சுவருக்கு அது வேண்டும், பித்தநீருக்கு வேண்டும், ஆணை ஆணாக்கவும் பெண்ணைப் பெண்ணாக்கவும் வேண்டும். நல்ல கொலஸ்ட்ரால், கெட்ட கொலஸ்ட்ரால் என்கிறோமே, மூலக்கூறு இரண்டிலும் ஒன்றுதான். வண்டிதான் வேறு. தண்ணீரில் கரையாத அதை இரத்தத்தில் ஏற்றிச் செல்ல வண்டி வேண்டும். ஒரு வண்டி தெருத்தெருவாகக் கொண்டுபோய் இறக்குகிறது. ஒரு வண்டி மிச்சத்தைத் திருப்பி எடுத்து வருகிறது.

இறக்கும் வண்டி வேலை முடிந்து கல்லீரலுக்குத் திரும்பும்போது, அங்கே அதை உள்ளே வாங்கக் கதவுகள் இருக்க வேண்டும். என் புகுந்த வீட்டாரின் பரம்பரையில், பிறக்கும்போதே அந்தக் கதவுகளில் பாதி இல்லை. வண்டி வருகிறது, தட்டுகிறது, திறப்பதில்லை. மறுபடி சுற்றுகிறது, மறுபடி வருகிறது, மறுபடி தட்டுகிறது. ஊற்றும் அறையில் ஒரு மனிதர் சிரித்துப் பேசி, சோறு தின்று, குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்கும்போதே, அவருக்குள் இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் அந்தத் தட்டல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எங்கும் இடம் கிடைக்காதது கடைசியில் எங்கே தங்கும்? விழியோரத்தில் தங்கும். விரல் முட்டியில் தங்கும். குதிகாலில் தங்கும். இதயத்துக்குப் போகும் குழாயின் உட்சுவரில் தங்கும். என் மாமனார் "கதவத் தெற" என்று கேட்டாரே, அவர் எந்தக் கதவைக் கேட்டாரோ தெரியாது.

அதற்கு மருந்து இருக்கிறதா? இருக்கிறது. ஒரு மாத்திரை. கல்லீரல் தானாகச் செய்யும் கொலஸ்ட்ராலை அது மட்டுப்படுத்தும். போதவில்லையே என்று கல்லீரல் தவித்து, இருக்கிற கதவு போதாதென்று இன்னும் கதவுகளைத் திறக்கும். தட்டியவை உள்ளே போகும். அவ்வளவுதான் சூட்சுமம். என் கணவருக்கு ஒரு குழாயில் அடைப்பும் இருந்தது, அதையும் நீக்கினார்கள். இன்னும் சில மாதம் தாமதித்திருந்தால் அந்த ஓரத்து ஆணிக்கு வேலை வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை, இதய மருத்துவர் அம்மாவே சொன்னார். ஆணியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, "சில மாதம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு எழுந்து, வாழ்க்கையில் முதன்முறையாக, ஊற்றும் அறைக்குள் போனார். பின்னாலேயே போனேன். ஆறிக்கொண்டிருந்த அச்சுகளைப் பார்த்தபடி நின்றார். கையை நீட்டி, ஆடை கட்டியிருந்த வெள்ளை மெழுகை விரல் நுனியால் தொட்டார்.

"இத்தன வருஷமா இதப் போய்த் திட்டிக்கிட்டு இருந்தேனே," என்றார். "என் புள்ளைங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்தா, நான் ஆசப்பட்டுக் கட்டிக்கிட்ட ஆளுகிட்டேர்ந்துல்ல வந்திருக்கு." சொல்லிவிட்டு அழுதார். கணவர் போன நாளில்கூட அப்படி அழுததில்லையாம். என் நாத்தனார் சொன்னாள்.

இன்று என் கணவருக்கு அறுபத்து இரண்டு. இன்னமும் அவர்தான் ஊற்றுகிறார். அந்த அறையில் ஊற்றியவர்களிலேயே பேத்தியைத் தோளில் தூக்கியவர் இவர் ஒருவர்தான். நாத்தனாரும் நலம். என் மகளின் இரத்தத்திலும் அது இறங்கியிருந்தது. சிறுமியாக இருந்தபோதே கண்டுபிடித்தோம், சிறு வயதிலேயே மருந்து கொடுத்தோம். அவள் கண்ணில் வளையம் இல்லை. இனியும் வராது என்று நம்புகிறேன்.

ஆகவே, அன்பார்ந்தோரே, அச்சம் வேண்டாம், அறிவு வேண்டும். எண்ணெயைக் கண்டு ஓடாதீர்கள், எந்த எண்ணெய் என்று கேளுங்கள். மடங்கும் வாலை நாடுங்கள், விறைத்த வாலை விலக்குங்கள். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். எங்கள் வீட்டுக் கதையில் யாரும் அதிகமாகத் தின்று சாகவில்லை. அளவாகத் தின்றவர்கள், நாள் முழுக்க உழைத்தவர்கள், ஒல்லியானவர்கள் செத்தார்கள். எனக்கென்ன, நான் ஒல்லி என்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஐயா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குடும்பத்தில் நாற்பதிலும் ஐம்பதிலும் நெஞ்சைப் பிடித்துப் போனவர்கள் இருக்கிறார்களா? திருஷ்டி என்றீர்களா, வீட்டு ராசி என்றீர்களா, விதி என்றீர்களா? என்ன பெயர் வைத்தீர்கள்? அந்தப் பெயரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கையை நீட்டுங்கள். ஒரு சொட்டு இரத்தம் உண்மையைச் சொல்லிவிடும்.

தலைவர் எழுந்து நிற்கப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா. இதைச் சொல்லாமல் இறங்க எனக்கு மனம் வரவில்லை.

இன்று இந்த அரங்கத்தின் வாசலில் நெரிசல். உள்ளே வரும்போது பலர் என் கையைப் பற்றி, டீச்சர் நல்லா இருக்கீங்களா என்று அன்போடு கேட்டீர்கள். நன்றி. பெரும்பாலான முகங்களைப் பார்க்கவில்லை. கைகளை மட்டும்தான் உணர்ந்தேன். அவற்றில் ஒரு கை. வயதான கை இல்லை, நல்ல வலுவான கை. அதன் விரல் முட்டிகளில் கடினமான முடிச்சுகள் இருந்தன. எனக்கு அந்தக் கடினம் தெரியும், முப்பது ஆண்டுகளாகப் பக்கத்தில் வைத்து வாழ்கிறேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தக் கை கூட்டத்துக்குள் போய்விட்டது. ஆணா பெண்ணா, எனக்குத் தெரியாது. ஆனால் வெளியே யாரும் போகவில்லை. அந்தக் கை இப்போது இந்த அரங்கத்துக்குள்தான் இருக்கிறது.

யார் என்று கேட்க மாட்டேன். எழுந்து வரச் சொல்ல மாட்டேன். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், அழைத்த மன்றத்தாருக்கும் நன்றி சொல்லி, இப்போது நான் கை கூப்பப் போகிறேன். நீங்களும் பதிலுக்குக் கூப்புவீர்கள். கூப்பிய கையை உடனே இறக்கிவிடாதீர்கள். உங்கள் விரல் முட்டிகளை ஒருமுறை பாருங்கள். பிறகு, பக்கத்தில் இருப்பவரின் கையைப் பாருங்கள்.

வணக்கம்.